நீச்சல் குளமும் சூரிய வெப்பமும்

சூரியனிடமிருந்து வரும் சக்தியை மனிதன் இரண்டு வழிகளில் பயன்படுத்திக்கொள்கிறான். அதை வெப்பமாகவே ஏற்று வெப்பமாகவே செலவிடுவது ஒரு வழி. அதை மின்சாரமாக மாற்றி, விளக்கெரிக்கவோ யந்திரத்தைச் சுழற்றவோ பயன்படுத்துவது மற்றொரு வழி. இவ்விரண்டிற்கும் உரிய சாதனங்கள் அமைப்பிலும், விலையிலும், செய்யும் வேலையிலும் முற்றிலும் வேறானவை. ஆயினும் பொதுமக்கள் பேச்சிலும், அலுவலகக் குறிப்புகளிலும், சில சமயம் பாடப் புத்தகங்களிலும்கூட இவ்விரண்டும் “சூரியத் தகடு” என்ற ஒரே பெயரால் வழங்கப்படுகின்றன. விஞ்ஞானச் செய்திகளைத் தமிழாக்கும் பணியில் உள்ளவர்களுக்கு இது சொல்லைப் பற்றிய பிரச்னை. களப்பணியாளருக்கோ இது பணத்தைப் பற்றிய பிரச்னை. ஏனெனில், பெயர் ஒன்றாயிருப்பதால் ஒன்றிற்குப் பதில் மற்றொன்றை வாங்கி விடுகின்ற நிலை ஏற்படுகிறது.

இந்த வேற்றுமையை விளக்குவதற்கு நீச்சல் குளத்தைப் போலச் சிறந்த உதாரணம் வேறில்லை. செல்வந்தர் வீட்டுத் தோட்டத்தில் உள்ள குளத்தைச் சூடாக்குவது நமது நாட்டிற்கு அவசரமான காரியமன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளலாம். அதற்குப் பொதுப் பணம் ஒரு காசும் செலவாகக் கூடாது என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் பள்ளிகளிலும் பயிற்சி நிலையங்களிலும் ஏற்கெனவே கட்டப்பட்டுள்ள குளங்களின் நிலை வேறு. உலக நீச்சல் போட்டி விதிகளின்படி குளத்து நீரின் உஷ்ணநிலை 25 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வரை இருத்தல் வேண்டும். வட மாநிலங்களின் சமவெளிகளிலும் மலை நகரங்களிலும் குளிர் தொடங்கியதும் நீர் இந்த எல்லைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. திறந்தவெளிக் குளங்கள் பல மாதங்கள் மூடிக் கிடக்கின்றன. அந்த மாதங்களில் அங்கே பயிலும் சிறுவர் சிறுமியரின் பயிற்சி தடைப்படுகிறது. வசந்தத்தில் சில வாரங்களும், மழைக்காலம் முடிந்தபின் சில வாரங்களும் கூடுதலாகக் குளத்தைத் திறந்துவைக்க முடியுமானால் அது அவர்களுக்குப் பெரும் லாபமாகும். அதை எந்த வழியில் செய்வது என்பதே கேள்வி.

கணக்கொன்றைப் பார்ப்போம். 25 மீட்டர் நீளமும், 10 மீட்டர் அகலமும், சராசரி 1.4 மீட்டர் ஆழமும் உள்ள குளம் 350 கன மீட்டர் நீரைக் கொள்ளும். அதாவது 3,50,000 கிலோ. இதன் உஷ்ணத்தை ஒரு டிகிரி உயர்த்த 3,50,000 கிலோ கலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரிக்குச் சமமாதலால், இது சுமார் 407 யூனிட் ஆகிறது. ஒரே ஒரு டிகிரிக்கு இவ்வளவு என்பதை ஆசிரியர்கள் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டுதல் நலம். நீரைச் சூடாக்குவது எத்தனை பெரிய வேலை என்பது அப்போதுதான் அவர்களுக்கு விளங்கும்.

இனி, இந்தக் குளத்தின் அருகே 175 சதுர மீட்டர் கூரை இருப்பதாகவும், அதன்மேல் ஒரு நாளில் சதுர மீட்டருக்கு 5 யூனிட் வீதம் சூரிய சக்தி விழுவதாகவும் கொள்வோம். அங்கே மின்கலத் தகடுகளைப் பரப்பினால், விழுவதில் ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரமாகக் கிடைக்கும். அதாவது 175 யூனிட். அம்மின்சாரத்தைச் சூடேற்றும் கம்பிகளின் வழியே நீருக்குள் செலுத்தினால் குளம் அரை டிகிரிகூடச் சூடேறாது. அதே கூரையில் கருநிறப் பிளாஸ்டிக் குழாய்களை வரிசையாகப் பரப்பி, குளத்து நீரை அவற்றின் வழியே ஓடச் செய்தால், விழுவதில் 60 சதவீதம் நீருக்குச் சேர்வதாகக் கொண்டாலும், 525 யூனிட் வெப்பம் கிடைக்கும். அது குளத்தை ஒன்றேகால் டிகிரிக்கு மேல் சூடாக்கும். மின்கலத் தகட்டின் உள்ளே நுண்ணிய விஞ்ஞானம் அடங்கியுள்ளது; கருங்குழாயில் அப்படி ஒன்றுமில்லை. ஆயினும் இந்த வேலைக்குக் கருங்குழாயே மும்மடங்கு திறமையுடையது.

இவ்வளவு எளிய சாதனம் எப்படிப் போதும் என்ற ஐயம் எழலாம். குளிப்பதற்கு 60 டிகிரி வரை சூடாக்கும் சாதனத்திற்குக் கண்ணாடி மூடியும், பின்புறத்தில் வெப்பம் கடத்தாப் பொருளும் தேவைப்படுகின்றன. ஏனெனில், தகட்டிற்கும் வெளிக் காற்றிற்கும் உள்ள உஷ்ண வேற்றுமை எவ்வளவு அதிகமோ அவ்வளவு வெப்பம் வெளியேறிவிடும். நீச்சல் குளத்தின் நீரோ 27 அல்லது 28 டிகிரியில் இருந்தால் போதும். வெயில் நேரத்துக் காற்றின் உஷ்ணம் அதற்கு அதிக தூரத்தில் இருப்பதில்லை. ஆகவே இழப்பு சொற்பம், கண்ணாடி தேவையில்லை. மாறாக, கண்ணாடி இருந்தால் வரும் ஒளியில் ஒரு பகுதியை அது திருப்பி அனுப்பிவிடும். குளிர்ந்த காற்று பலமாக வீசும் நடுக் குளிர்காலத்தில் மட்டும் இந்த வாதம் பொருந்தாது. அப்போது திறந்த குழாய்கள் சரிவரப் பயன்படா. மூடுபனி மாதங்களிலும் குளத்தைத் திறந்துவைக்க நினைப்பவர்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

இத்தகைய சாதனத்தைப் பார்வையிடும் ஊழியர்கள் ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாயிருத்தல் அவசியம். குழாயிலிருந்து திரும்பி வரும் நீரைத் தொட்டுப் பார்த்து, “சுடவில்லையே, சாதனம் வேலை செய்யவில்லை” என்று சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. நீர் வேகமாக ஓடி, ஒவ்வொரு சுற்றிலும் சில டிகிரி மட்டுமே சூடேறித் திரும்புவதே சரியான நிலை. திரும்பி வரும் நீர் சுடுமானால் ஓட்டம் குறைந்துவிட்டது என்றும், குழாய் தன் வெப்பத்தைக் காற்றில் வீணாக்குகிறது என்றும் அறிய வேண்டும். மாலையில் வெயில் தாழ்ந்ததும் நீரைக் கூரைக்கு அனுப்பும் வால்வை மூடிவிட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். இல்லையேல் பகலில் சேர்த்த வெப்பத்தை இரவில் அதே குழாய்கள் வானத்திற்குத் திருப்பிக் கொடுத்துவிடும்.

இதுவரை கூறியது வரவைப் பற்றியது. செலவைக் கவனியாமல் வரவைப் பெருக்குவது குடும்பத்திற்கு ஆகாதது போலவே குளத்திற்கும் ஆகாது. மேற்சொன்ன குளத்தின் நீர்ப்பரப்பு 250 சதுர மீட்டர். அதன்மேல் அதே அளவு வெயில் விழுந்தால் நாளொன்றுக்கு 1,250 யூனிட் சூரிய சக்தி சேரும். அதில் முக்கால் பங்கு நீரில் தங்கினாலும் 900 யூனிட்டுக்கு மேலாகும். அதாவது, குளமே எல்லாவற்றிலும் பெரிய சூரியத் தகடாக இருக்கிறது. அப்படியிருந்தும் அது குளிர்ந்து போவது ஏன்? முக்கியமான காரணம் நீர் ஆவியாதலே. ஒரு கிலோ நீர் ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை உடன் கொண்டு செல்கிறது. ஒரு நாளில் 4 மில்லிமீட்டர் நீர் குறைந்ததாகக் கொள்வோம். அது 1,000 லிட்டர். அதனுடன் 5,80,000 கிலோ கலோரி, அதாவது 670 யூனிட்டுக்கு மேற்பட்ட வெப்பம் போய்விடுகிறது. கூரையில் நிறுவிய கருங்குழாய்கள் அனைத்தும் ஒரு நாள் முழுதும் உழைத்துச் சேர்த்ததைவிட இது அதிகம்.

ஆகையால், முதலில் வாங்க வேண்டிய பொருள் தகடுமன்று, குழாயுமன்று, ஒரு விரிப்பே. இரவு நேரத்தில் நீரின்மேல் படியுமாறு பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பிவைத்தால் ஆவியாதல் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. வெப்பம் மிஞ்சுகிறது, நீரும் மிஞ்சுகிறது. கோடையில் ஒரு குடம் நீருக்கு மக்கள் வரிசையில் நிற்கும் நாட்டில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான லிட்டர் நீரைக் காப்பது வெப்பத்தைக் காப்பதினும் சிறந்த செயல் என்பதில் ஐயமில்லை. குளத்தில் ஆட்கள் இறங்குமுன் விரிப்பு முழுவதையும் அகற்றிவிட வேண்டும் என்ற விதியை மட்டும் கண்டிப்பாக அனுசரிக்க வேண்டும். பாதி விரித்த நிலையில் குழந்தைகள் அதன் அடியில் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு.

இங்கே ஓர் ஆட்சேபம் எழுப்பப்படுவதுண்டு. “மின்சாரத்தைக் கம்பியின் வழியே செலுத்துவதுதானே தவறு? வெப்பப் பம்பைக் கொண்டு சூடாக்கினால் என்ன?” என்று கேட்கின்றனர். இக்கேள்வி நியாயமானதே. குளிர்பதனப் பெட்டி தன் உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவது போல, வெப்பப் பம்பு வெளிக் காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்து நீரில் சேர்க்கிறது. மிதமான தட்பவெப்பத்தில் ஒரு யூனிட் மின்சாரத்திற்கு நான்கு யூனிட் வெப்பம் வரை அது தரக்கூடும். அப்படியானால் முன்பு கூறிய 175 யூனிட் மின்சாரம் 700 யூனிட் வெப்பமாகிறது. கருங்குழாயை அது வென்றுவிடுகிறது. இதை மறைப்பது விஞ்ஞானத்திற்கு அழகன்று. ஆனால் அந்தக் கணக்கில் சேராத செலவுகள் உள்ளன. வெப்பப் பம்பின் விலை அதிகம். பழுதுபட்டால் சரிசெய்யத் தேர்ந்த தொழிலாளி வேண்டும். காற்று குளிரக் குளிர அதன் திறமை குறையும். கருங்குழாய்க்கோ பெரும்பாலும் குளத்து நீரை வடிகட்டும் பம்பே போதும். ஒரு குழாய் பிளந்தால் உள்ளூர் ஆளே அதை அடைத்துவிடலாம். கூரை சிறியதாயும், பராமரிப்புக்கு ஆள் வசதி உள்ளதாயும் இருக்கும் நிலையத்திற்கு வெப்பப் பம்பு பொருந்தலாம். மற்ற இடங்களில் எளியதையே தேர்ந்தெடுத்தல் நன்று.

இந்த எளிய வழி புதியதுமன்று. 1767-இல் ஜெனீவா நகரத்து விஞ்ஞானி சொசூர் என்பவர் கண்ணாடி மூடிய பெட்டிக்குள், நீர் கொதிக்கும் நிலையையும் கடந்த உஷ்ணத்தைச் சூரிய ஒளியாலேயே உண்டாக்கினார். 1891-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தவரான கிளாரன்ஸ் கெம்ப் சூரிய நீர்ச்சூடேற்றிக்கு உரிமைப் பதிவு பெற்று விற்பனை செய்தார். 1909-இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி வெப்பம் ஏற்கும் பகுதியையும் நீர்த்தொட்டியையும் தனித்தனியே பிரித்து, இரவிலும் வெந்நீர் கிடைக்க வழி செய்தார். சூரிய ஒளியை மின்சாரமாக்கும் சிலிக்கன் மின்கலத்தை பெல் ஆராய்ச்சிச் சாலை வெளியிட்டதோ 1954-இல்தான். அன்று அதன் திறமை 6 சதவீதம். இஸ்ரேல் நாடு 1980-இல் புதிய வீடுகளில் சூரிய நீர்ச்சூடேற்றி அமைப்பதைச் சட்டமாக்கியது. நமது நாட்டிலும் பெங்களூரின் மொட்டை மாடிகளில் இச்சாதனத்தை எங்கும் காணலாம். 2010 ஜனவரியில் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய சக்தித் திட்டம், மின் உற்பத்திக்கு ஓர் இலக்கும், வெப்பம் ஏற்கும் தகடுகளுக்கு 2 கோடி சதுர மீட்டர் என்று வேறோர் இலக்கும் வகுத்தது. இரண்டும் வெவ்வேறு என்பதைத் திட்டம் வகுத்தோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

2024 பிப்ரவரியில், ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் மின்கலத் தகடுகள் அமைக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அது வரவேற்கத்தக்கதே. விளக்கு, மின்விசிறி, நீரிறைக்கும் மோட்டார் ஆகியவற்றிற்கு மின்சாரமே வேண்டும். அங்கே கருங்குழாயால் பயனில்லை. ஆனால் கூரை முழுதும் மின்கலத் தகடுகளால் நிரப்பிவிட்டு, அந்த மின்சாரத்தின் பெரும்பகுதியைக் கீசரில் செலவிடும் வீட்டையும் விடுதியையும் மருத்துவமனையையும் பற்றி நாம் சிந்திக்க வேண்டும். உயர்ந்த சக்தியைத் தாழ்ந்த வேலைக்குச் செலவிடுவது, சந்தனக் கட்டையை அடுப்பில் வைப்பதற்கு ஒப்பாகும். நீச்சல் குளத்தில் நாம் கற்கும் பாடம், மாணவர் விடுதியின் வெந்நீர்க்கும், சாயப்பட்டறையின் வெந்நீர்க்கும், பால் பண்ணையில் பாத்திரம் கழுவும் நீருக்கும் பொருந்துவதாகும்.

ஆசிரியர்கள் இப்பாடத்தைச் செலவின்றி நடத்தலாம். ஒரே அளவான இரண்டு அகன்ற பாத்திரங்களில் சம அளவு வெந்நீர் ஊற்றி, ஒன்றின் நீர்ப்பரப்பில் மட்டும் பாலிதீன் தாளைப் படியவிட்டு, மாலையில் வெளியே வைக்கச் சொல்லுங்கள். ஒரு மணிக்கு ஒரு முறை உஷ்ணமானியில் பார்த்துக் குறித்துவரச் சொல்லுங்கள். மறுநாள் நீர்மட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். வெயிலில் கிடந்த கறுப்புக் குழாயைத் திறந்தால் முதலில் வரும் நீர் சுடுவதை மாணவர் எல்லோரும் அறிவர். அதற்குக் காரணம் கேளுங்கள். இவ்விரண்டிலும் மேற்சொன்ன விஞ்ஞானம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சொல்லைப் பற்றியும் ஒரு வேண்டுகோள் உண்டு. மின்சாரம் தருவதை “மின்கலத் தகடு” என்றும், நீரைச் சூடாக்குவதை “வெப்பத் தகடு” அல்லது “வெப்பக் குழாய்” என்றும் பிரித்தே எழுதுவோம். “சூரியத் தகடு” என்று மட்டும் எழுதிய விண்ணப்பமோ விலைப்பட்டியலோ வந்தால், எதைக் குறிக்கிறது என்று கேட்டுத் தெளிந்த பின்னரே மேலே அனுப்புதல் வேண்டும். நீச்சல் குளத்திற்காக வரும் விண்ணப்பமானால், களப்பணியாளர் வரிசையாக மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இரவில் குளத்தை மூட விரிப்பு உண்டா? நிழலின்றித் தெற்கு நோக்கிய கூரை, குளத்தின் பரப்பில் பாதிக்குக் குறையாமல் உண்டா? இவ்விரண்டும் செய்த பின்னரும் வெப்பம் போதாது என்று அளந்து பார்த்தார்களா? இம்மூன்றிற்கும் விடை கிடைத்த பிறகே மின்சாரத்தைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும்.