கூரைக் காற்றாலையும் பெருக்கல் கணக்கும்

பள்ளிக் கூரையில் சிறு காற்றாலை பொருத்தினால் மின்கட்டணம் குறையும் என்று ஒரு விளம்பரத் தாள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சுற்றி வந்தது. '400 வாட்' என்பது கொட்டை எழுத்தில். அது வினாடிக்கு 12 மீட்டர் வேகக் காற்றில் கிடைக்கும் அளவு என்பதோ அடியில், எறும்பு எழுத்தில்!

மலேசியாவின் பெரும்பகுதியில் காற்றின் சராசரி வேகம் 2 அல்லது 3 மீட்டர்தான். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் 12-இலிருந்து 2-க்கு இறங்கினால் ஆற்றல் 216-இல் ஒரு பங்கு. 400 வாட், 2 வாட்டுக்கும் கீழே போய்விடும். பல காற்றாலைகள் அந்தக் காற்றில் சுழலவே தொடங்கா. மெர்சிங் கடற்கரையானால் பருவக்காற்றில் ஓரளவு சுழலலாம். எங்கள் பள்ளியோ செம்பனைத் தோட்டத்தின் நடுவே!

குடும்ப தினத்தன்று தாய்மார்கள் தோசை சுட்டு விற்றுச் சேர்த்த பணம் அது. இத்தகைய பள்ளியொன்றில் ஓராண்டு அளந்த மின் உற்பத்திக் கணக்கை விற்பனையாளர் முதலில் காட்டட்டும். அதுவரை என் கை உயராது.