படுக்கையில் கிடப்பவரை யார் தூக்குவது?

2011 மார்ச் 11-ஆம் தேதி ஜப்பானின் கிழக்குக் கரையில் பூமி அதிர்ந்து, கடல் பொங்கி, ஃபுகுஷிமா அணுமின் நிலையம் நிலைகுலைந்த அன்றிரவே, 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள ஜனங்கள் வெளியேற வேண்டுமென்று சர்க்கார் உத்தரவு பிறப்பித்தது. மறுநாள் விடியற்காலையில் அது 10 ஆகி, மாலையில் 20 ஆயிற்று. எல்லையை விஸ்தரிக்க ஒரு நாள்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த எல்லைக்குள் எழுந்து நடமாட முடியாதவர்கள் எத்தனை பேர், அவர்களை எந்த வண்டியில், யார் துணையோடு, எங்கே கொண்டு சேர்ப்பது என்பதைச் சாவகாசமான நாட்களில் ஒருவரும் தீர யோசித்திருக்கவில்லை.

நிலையத்துக்குச் சுமார் நாலரை கிலோமீட்டர் தொலைவில், ஓகுமா என்னும் ஊரில் ஃபுடாபா மருத்துவமனை இருந்தது. நடக்கக்கூடிய நோயாளிகள் 12-ஆம் தேதியே பஸ் ஏறிப் போய்விட, எஞ்சியவர்களில் முதல் தொகுதிக்கு 14-ஆம் தேதிதான் வாகனம் வந்தது. மாதக்கணக்கில் படுத்தே கிடந்தவர்களை ஆசனங்களில் சாய்த்து உட்கார்த்தி, கதிரியக்கப் பரிசோதனைக்காக முதலில் வடக்கே மினாமிசோமாவுக்குச் சென்று, அங்கிருந்து உள்நாட்டுப் பாதையில் வெகுதூரம் சுற்றி, தெற்கே இவாகி நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றை அடைவதற்குள் 200 கிலோமீட்டருக்கு மேல் கடந்து, ஏறக்குறைய 10 மணி நேரம் கழிந்துவிட்டது. வழியிலேயே சிலர் உயிர் துறந்தார்கள். அம்மருத்துவமனையையும் அதைச் சேர்ந்த முதியோர் இல்லத்தையும் சார்ந்தவர்களில் அந்த இடப்பெயர்ச்சியால் மாண்டவர்கள் நாற்பதுக்கும் அதிகம். குளிரும், தாகமும், சிகிச்சை அறுந்துபோனதுமே அவர்களை மாய்த்தன. இதைவிட மனத்தை வருத்தும் விபரீதம் அந்த நாட்களில் வேறில்லையென்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே சமயத்தில், சுமார் 50 கிலோமீட்டர் மேற்கே மிஹாரு என்ற சிற்றூரின் நிர்வாகத்தார், காற்று தங்கள் பக்கம் திரும்புவதையறிந்து, மேலிடத்து ஆக்ஞைக்குக் காத்திராமல் 15-ஆம் தேதி அயோடின் மாத்திரைகளை ஜனங்களுக்கு வழங்கினார்கள். திரும்பப் பெறும்படி மாகாண அதிகாரிகள் சொல்லியும் இணங்கவில்லை. தைராய்டு சுரப்பி நல்ல அயோடினால் முன்பே நிரம்பியிருந்தால், கதிரியக்க அயோடினுக்கு அங்கே இடம் கிடைக்காது; ஆனால் நச்சுக்காற்று வருவதற்குச் சற்று முன்போ, வந்த சில மணி நேரத்துக்குள்ளோ மாத்திரையை உட்கொண்டால்தான் அதன் பலன் பூரணமாகக் கிட்டும். தலைநகரத்தின் அனுமதி வரும்வரை அலமாரியில் பூட்டிக் கிடக்கும் மாத்திரையால் எந்தக் குழந்தைக்கு என்ன பிரயோஜனம்?

நம் கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்களும் கடலோரத்திலேயே இருக்கின்றன. 2004-ஆம் ஆண்டின் சுனாமி கல்பாக்கத்தில் உயிர்களைக் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. 16 கிலோமீட்டர் வரைக்கும் அவசரகாலத் திட்டம் வகுக்கிறார்கள், ஒத்திகையும் நடத்துகிறார்கள். அந்த ஒத்திகையில், திடகாத்திரமானவர்களை வேனில் ஏற்றி இறக்குவதோடு திருப்தியடையாமல், பக்கவாதத்தில் விழுந்த ஒரு பெரியவரைக் கட்டிலோடு தெருமுனைவரை தூக்கிப் பார்க்க வேண்டும். எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார், யாருக்கு அன்றாடம் இன்சுலின் வேண்டும், தூக்க வரும் நாலு பேர் யார் என்ற ஜாபிதா கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊர் நர்ஸிடமும் இருப்பதோடு, வருஷந்தோறும் அது திருத்தப்படவும் வேண்டும்.