அடுத்தது என்ன?

தொடர்கதை படிக்கிற சகோதரிகளுக்கு ஒரு கேள்வி. போன வாரம் சரியான கட்டத்தில் 'தொடரும்' என்று போட்டுவிட்டுக் கதாசிரியர் போய்விட்டாரே, அதற்கப்புறம் நீங்கள் சும்மாவா இருந்தீர்கள்? குழம்பு கொதிக்கும்போதே, "அந்தக் கடிதத்தை எழுதியவள் அத்தைதான்" என்று தீர்மானித்திருப்பீர்கள். எதிர்வீட்டு மாமி, "அத்தையாவது, கித்தையாவது! எல்லாம் அந்த டாக்டரின் வேலை" என்று சாதித்திருப்பாள். மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டே இரண்டு பேரும் அரைமணி நேரம் வாதாடியிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். நானும் உங்கள் கட்சிதான்.

ஆனால் இதே காரியத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் செய்தால் மட்டும் நமக்குக் கோபம் வந்துவிடுகிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசலாம் என்று இருக்கிறேன்.

என் தங்கை பிள்ளை எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறான். பத்தொன்பது வயது. 2025 ஏப்ரல் 2ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கே முகம் கழுவிக்கொண்டு, கம்ப்யூட்டருக்கு முன்னால் ஏதோ பூஜைக்கு உட்காருகிறவன் மாதிரி உட்கார்ந்துவிட்டான். கையில் ஒரு காகிதம். அதில் ஐந்துக்கு ஐந்தாகக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு பெயர் எழுதியிருந்தான். மாதர் சங்கத்தில் நாம் தம்போலா ஆடுவோமே, கிட்டத்தட்ட அந்தச் சீட்டு மாதிரி.

"என்னடா இது?" என்றேன்.

"ஆறரை மணிக்கு நின்டெண்டோக்காரங்க பேசப் போறாங்க, பெரியம்மா. அவங்க என்னென்ன அறிவிப்பாங்கன்னு நான் எழுதி வெச்சிருக்கேன். வரவர அடிச்சுக்கிட்டே போகணும்."

இவன் ஒருவன் மட்டும் அல்ல. உலகம் முழுவதும் லட்சக்கணக்கான பேர் அந்த நேரத்தில் அப்படிச் சீட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்களாம்!

நின்டெண்டோ என்பது ஜப்பானில் கியோட்டோ நகரத்துக் கம்பெனி. 1889ல் புஸாஜிரோ யமவுச்சி என்பவர் ஆரம்பித்தது. அப்போது அவர்கள் செய்து விற்றது பூப்படம் போட்ட விளையாட்டுச் சீட்டு. நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிற்பாடு அதே கம்பெனி 2017ல் 'ஸ்விட்ச்' என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. கையிலும் வைத்து ஆடலாம், டெலிவிஷனிலும் மாட்டி ஆடலாம். 15 கோடிக்கு மேல் விற்றுவிட்டது. அதற்கு அடுத்த பெட்டி எப்படி இருக்கும் என்பதுதான் ரசிகர்களின் பெரிய ஹேஷ்யம். அந்தச் சாயங்காலம் அதற்குத்தான் விடை.

இந்த மாதிரி நேராகப் பேசும் வழக்கத்தை ஏற்படுத்தியவர் சடோரு இவாடா. இளமையில் தாமே உட்கார்ந்து புரோகிராம் எழுதியவர். 2002ல் கம்பெனிக்குத் தலைவரானார். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு விழா நடத்தி, அவர்கள் எழுதி, பிறகு ஜனங்கள் படிப்பது என்ற சுற்று வழி எதற்கு என்று நினைத்தார் போலிருக்கிறது. 2011 அக்டோபரில் காமிராவுக்கு முன் தாமே நின்று, ரசிகர்களிடம் நேராகப் பேச ஆரம்பித்தார். அதற்கு 'நின்டெண்டோ டைரக்ட்' என்று பெயர். 'இதை உங்களிடமே தருகிறேன்' என்பதுபோல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காட்டுவார். அந்தக் கையசைப்பு அவருக்கு அடையாளமாகவே ஆகிவிட்டது. 2015 ஜூலையில், 55 வயதில் காலமாகிவிட்டார். வழக்கம் மட்டும் நிற்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. எப்போது பேசப் போகிறார்கள் என்பதை அநேகமாக ஒரு நாள், இரண்டு நாள் முன்னால்தான் சொல்வார்கள். ஆகவே என்ன சொல்வார்கள் என்பது ஒரு ஹேஷ்யம். என்றைக்குச் சொல்வார்கள் என்பது அதற்கு முன்னால் இன்னொரு ஹேஷ்யம்! ரசிகர்கள் பழைய காலண்டரைப் புரட்டுகிறார்கள். "பிப்ரவரியில் வழக்கமாக உண்டு, ஜூனில் உண்டு, செப்டம்பரில் உண்டு" என்று கணக்குப் போடுகிறார்கள். இந்த விளையாட்டு இத்தனை வயதுக்கு ஏற்றது என்று முத்திரை குத்தும் சபைகள் கொரியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கின்றன. அவற்றின் பட்டியலில் புதுப் பெயர் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எந்தப் பெயருக்கு வியாபாரக் குறி பதிவு செய்திருக்கிறார்கள் என்று தேடுகிறார்கள். நம் ஜோசியர்கள் கூட ஜாதகத்தை இவ்வளவு சிரத்தையாகப் பார்ப்பதில்லை, போங்கள்!

இவ்வளவும் நல்ல பொழுதுபோக்குத்தான். ஊர் பேர் தெரியாதவர்கள் ஒன்றாகக் கூடி ஆசைப்படுவது ஒரு சந்தோஷம். ஆனால் அதற்குள்ளே ஒரு குழியும் இருக்கிறது.

2018 அக்டோபரில் நடந்ததைக் கேளுங்கள். 'ஸ்மாஷ் பிரதர்ஸ்' என்று ஒரு விளையாட்டு. பல விளையாட்டுகளின் கதாநாயகர்கள் ஒரே மேடையில் வந்து மோதுவார்கள். புதிதாக யார் யார் வருவார்கள் என்று ரசிகர்கள் துடித்துக்கொண்டிருந்தபோது ஒரு புகைப்படம் கிளம்பியது. 'கிறிஞ்ச்' என்ற சினிமாவின் விளம்பரப் படம். அதன் பக்கத்தில், தற்செயலாக விழுந்ததுபோல், விளையாட்டின் விளம்பரமும் மங்கலாகத் தெரிந்தது. அதிலே ரசிகர்கள் வருஷக்கணக்காக வேண்டிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாரும் வரிசையாக நின்றார்கள்! கேட்க வேண்டுமா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். நிழலை அளந்தார்கள். "நிஜம்தான்" என்று சத்தியம் செய்தவர்கள் எத்தனையோ பேர். நவம்பர் 1ஆம் தேதி கம்பெனி பேசியது. புகைப்படம் வெறும் பொய் என்று வெட்டவெளிச்சமாயிற்று. பின்னால் சேரப்போகும் ஆள் என்று அன்றைக்குக் கம்பெனி காட்டியது யாரைத் தெரியுமா? பல்லைக் காட்டிக் கடிக்க வரும் ஒரு பூந்தொட்டிச் செடியை! ஒருவருடைய ஹேஷ்யத்திலும் அது இல்லை.

சிரித்தவர்கள் சிலர். ஆனால் கோபித்தவர்களும் உண்டு. கம்பெனி அவர்களை ஏமாற்றவில்லை. அந்தப் பட்டியலை அது தரவும் இல்லை. யாரோ ஒரு குறும்புக்காரன் தந்தான். கோபம் மட்டும் கம்பெனியின் மேல்.

என் தங்கை பிள்ளையின் கதையும் இதைச் சேர்ந்ததுதான்.

அவன் சீட்டில் நட்டநடுக் கட்டத்தில் எழுதியிருந்த பெயர் 'ஸில்க்ஸாங்'. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தில் 'டீம் செர்ரி' என்ற சின்னஞ்சிறு குழு. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். 2017ல் 'ஹாலோ நைட்' என்று பூச்சிகளின் ராஜ்யத்தைப் பற்றி ஒரு விளையாட்டைச் செய்து பிரசித்தமானார்கள். அதற்கு ஒரு பின்னிணைப்பாகத் தொடங்கியது வளர்ந்து பெரிதாகி, தனி விளையாட்டாகவே ஆகிவிட்டது. 'ஸில்க்ஸாங்' வருகிறது என்று 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அப்போது இவனுக்குப் பதின்மூன்று வயது. அரை நிஜார்ப் பையன்.

பிறகு அநேகமாக மௌனம். ஒவ்வொரு டைரக்ட்டிலும், "இன்றைக்கு வந்துவிடும்" என்று உட்காருவான். வராது. முகம் தொங்கிவிடும். ஊர் உலகத்தில் எல்லாரும் இப்படியே ஏமாந்து, கடைசியில் தங்களையே கோமாளி வேஷம் போட்ட மாதிரி படம் வரைந்து கேலி செய்துகொள்ள ஆரம்பித்தார்கள். "இன்றைக்குச் செய்தி ஒன்றும் இல்லை" என்று தினம் தவறாமல் ஒரு வீடியோ போடுவதையே ஒருவர் காரியமாக வைத்துக்கொண்டார்!

2022 ஜூனில் ஒரு பெரிய விளையாட்டு விழாவில் அதைக் காட்டினார்கள். இங்கே காட்டியதெல்லாம் 12 மாதத்துக்குள் ஆடக் கிடைக்கும் என்றும் சொன்னார்கள். 2023 மே மாதம் டீம் செர்ரியிடமிருந்து சேதி வந்தது: விளையாட்டு பெரிதாகிவிட்டது, இன்னும் நாளாகும் என்று.

அன்றைக்கு இவன் என்ன செய்தான் தெரியுமா? அந்தக் குழுவினருக்கு, "நீங்கள் பொய்யர்கள்" என்று ஆரம்பித்து, நான் இங்கே எழுத முடியாத வார்த்தைகளோடு ஒரு கடிதம் அனுப்பிவிட்டான். தானே வந்து என்னிடம் காட்டினான். பெருமைக்குக் காட்டினானா, பயந்துபோய்க் காட்டினானா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நான் திட்டவில்லை. கோபத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாதே! ஒரு கெடு சொல்லித் தவறிவிட்டதே! ஆனாலும் கேட்டேன்: "நாலு வருஷமா காத்திருந்தேங்கிறியே, அதிலே அவங்க சொன்ன தேதி எத்தனை, நீங்களா வெச்சுக்கிட்ட தேதி எத்தனை?"

விரலை மடக்கி எண்ணினான். ஒரு விரல்தான் மடங்கியது. அந்த ஒன்றும் தவறிப்போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். மற்ற தேதியெல்லாம் ரசிகர்கள் காலண்டரிலிருந்து பிறந்தவை. பெண் பார்க்கவே இன்னும் வரவில்லை. இவர்களாகவே முகூர்த்தம் குறித்து, பந்தல் போட்டு, மாப்பிள்ளை வரவில்லை என்று கோபித்துக்கொண்டால் யார் பொறுப்பு?

அன்று ராத்திரி அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதினான். அது யார் கண்ணில் பட்டதோ, படவில்லையோ. எழுதினான், அதுதான் எனக்குத் திருப்தி.

2025 ஆகஸ்டில் அந்தக் குழுவினர் ஒரு பேட்டியில் சொன்னார்கள்: வேலை எங்கேயும் தடைப்பட்டு நிற்கவில்லை, செய்வதில் சந்தோஷமாக இருந்தது, அதனால் செய்துகொண்டே இருந்தோம் என்று. வெளியே இத்தனை பேர் தவித்துக்கொண்டிருக்க, உள்ளே அவர்கள் நிம்மதியாகப் பூச்சிகளுக்குச் சிறகு வரைந்துகொண்டிருந்தார்கள்! அதுவும் ஒருவிதத்தில் நியாயமாகத்தான் எனக்குப் படுகிறது. முறுக்கு சுற்றுகிறவளிடம் நிமிஷத்துக்கு ஒரு தரம் "ஆயிற்றா?" என்று கேட்டால் முறுக்கு உடைந்துதானே போகும்?

ஆனால் காத்திருக்கிறவர்களுக்கும் ஒரு மரியாதை உண்டு. அதை நின்டெண்டோ ஒரு தரம் நன்றாகவே செய்தது. 'மெட்ராய்ட் பிரைம் 4' என்ற விளையாட்டை 2017ல் பெயரை மட்டும் காட்டி அறிவித்தார்கள். 2019 ஜனவரியில் ஷின்யா டகாஹாஷி என்ற அதிகாரி தாமே காமிரா முன் வந்து, "நாங்கள் எதிர்பார்த்த தரத்துக்கு வரவில்லை, முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம், தாமதமாகும்" என்ற பொருளில் சொல்லிவிட்டார். வருத்தம்தான். இருந்தாலும் உள்ளதைச் சொன்னாரே என்று எத்தனையோ ரசிகர்கள் பாராட்டினார்கள். அந்த விளையாட்டு 2025 டிசம்பரில் வந்து சேர்ந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளையோ பெண்ணோ இருந்தால், "உருப்படாத வேலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். இது செய்கிறவர்கள் வாயால் சொன்னதா? யாரோ ஊகித்துச் சொன்னதா? அல்லது நீயே ஆசைப்பட்டதா? மூன்றையும் மூன்று டப்பாவில் பிரித்து வைக்கத் தெரிந்துவிட்டால் போதும். விளையாட்டுக்கு மட்டுமா? உத்தியோகம், சம்பந்தம், சீட்டுப் பணம் எல்லாவற்றுக்கும் நாளைக்கு உதவும். நாம் பெரியவர்கள் கூட இந்த டப்பாக்களை எத்தனை தரம் மாற்றி வைத்துவிட்டு அழுதிருக்கிறோம்!

அந்த ஏப்ரல் 2ஆம் தேதி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? புதிய பெட்டியான 'ஸ்விட்ச் 2' ஜூன் 5ல் வரும் என்று சொன்னார்கள். சொன்னபடியே வந்தது. முதல் நாலு நாளில் 35 லட்சம் விற்றது. ஆனால் நடுவிலே பல விளையாட்டுகளை மளமளவென்று காட்டியபோது, கண்ணை மூடித் திறப்பதற்குள் 'ஸில்க்ஸாங்' ஒரு மின்னல் மின்னிவிட்டுப் போயிற்று. '2025' என்று எழுதியிருந்தது. இவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு குதித்த குதியில் நான் கொண்டுபோன காப்பி தரையில். துடைத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை!

செப்டம்பர் 4ஆம் தேதி, இந்திய நேரம் மாலை ஏழரைக்கு வெளியாயிற்று. உலகமே ஒரே நேரத்தில் வாங்கப் போனதில் இன்டர்நெட் கடைகள் திணறிப்போய்விட்டன. பதின்மூன்று வயதில் காத்திருக்க ஆரம்பித்தவன் மீசை முளைத்த பிறகு விளையாட உட்கார்ந்தான்.

ஒரு வாரம் கழித்து, "எப்படிடா இருக்கு?" என்றேன்.

"ரொம்பக் கஷ்டமா இருக்கு, பெரியம்மா. ஆனா அவங்க ஏன் இவ்வளவு நாள் எடுத்துக்கிட்டாங்கன்னு இப்போ புரியுது" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கவே கூடாது" என்றான்.

மறுபடியும் ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்துக் கட்டம் போட உட்கார்ந்துவிட்டான். இந்தத் தடவை ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தான்: 'இதெல்லாம் என் ஆசை மட்டுமே.'

எனக்கு அது போதும். நீங்களும் இந்த வாரத் தொடர்கதைக்குப் போகலாம். கடிதம் எழுதியவள் அத்தைதான் என்று நான் இன்னமும் நினைக்கிறேன். அதுவும் என் ஹேஷ்யம்தான். ஆசிரியர் வேறு மாதிரி எழுதினால் அவரைக் கோபித்துக்கொள்ள மாட்டேன்.