திறமையும் திமிரும்



“திறமை இருந்து என்ன பயன்? பணிவு இல்லையே!” ஹாக்கி வீரர் தன்ராஜ் பிள்ளையைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஒரு சாரார் கூறுவது இது. “வாய்மூடி இருந்திருந்தால் வீரர்களின் குறையை யார் கேட்டிருப்பார்கள்?” என்பர் மறு சாரார். அவர் ஓய்வு பெற்று இருபது ஆண்டுகள் கடந்தும் இவ்வழக்கு தீரவில்லை. இதில் எம் கருத்தைக் கூற விழைகிறோம்.

தன்ராஜ் 1968-ஆம் ஆண்டு பூனாவை அடுத்த கட்கியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தை, ஆயுதத் தொழிற்சாலையின் மைதானத்தைப் பராமரித்தவர். மட்டை வாங்க வழியின்றி, முறிந்த மட்டைகளைக் கயிற்றால் கட்டிச் சகோதரருடன் ஆடிப் பழகிய அந்தச் சிறுவன், 1989 முதல் 2004 வரை நாட்டிற்காக ஆடினார். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு! வேறு எவருக்கு எளிதில் வாய்க்கும்?

அவர் கோபக்காரர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அக்கோபம் யாருக்காக எழுந்தது என்று பார்க்க வேண்டாமா? 1998-இல் பாங்காக்கில் அவர் தலைமையில் இந்தியா ஆசியத் தங்கம் வென்றது. 1966-க்குப் பின் 32 ஆண்டுகள் கழித்துக் கிட்டிய தங்கம் அது. அதற்குப் பின் வந்த அணியிலோ அவரும் மூத்த வீரர் அறுவரும் இல்லை! ஓய்வு தரப்பட்டது என்றனர் நிர்வாகத்தினர். ஆட்ட ஊதியம் வராததையும் தங்கும் வசதிக் குறைவையும் கேட்டதற்குக் கிடைத்த தண்டனை என்றே பலரும் கருதினர். உடன் ஆடுவோருக்காக வாய் திறப்பது திமிரா?

“பின்னாளில் ஆட்டம் தளர்ந்ததே, தலைக்கனம்தானே காரணம்?” என்பார்க்கு ஒன்று கூறுவோம். 2002-இல் கொலோன் நகரில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டியில் தொடரின் சிறந்த வீரராகத் தேர்வு பெற்றபோது அவருக்கு வயது 34. ஏதென்சில் ஆடியபோது 36. கால்கள் தளர்வது இயற்கை. அதைக் குணத்தின் குற்றமாக எழுதுவது முறையன்று. நேற்றுத் தோளில் தூக்கியவர்களே இன்று ஏசுவதை என்னென்பது? ஆட்டக்காரர் மாறவில்லை; இரசிகர்களாகிய நாமே மாறினோம்.

எனினும், அவர்பால் குறையே இல்லை என்று நாம் வாதிடவில்லை. நியாயத்தையும் நிதானமாக எடுத்துரைத்தால் அதற்கு வலிமை கூடும். பொங்கியெழுந்து சொன்ன உண்மை, பொங்கியதற்காகவே புறக்கணிக்கப்படுகிறது.

அவருக்கு ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கிட்டவேயில்லை. அவரது வாழ்க்கை வரலாற்று நூலின் தலைப்பு, ‘என்னை மன்னித்துவிடு அம்மா’ என்று பொருள்படும். தலைக்கனம் பிடித்தவரின் நூலுக்கு இப்படி ஒரு பெயர் அமையுமா?

தோழியரே, இது ஹாக்கியோடு முடியும் செய்தியன்று. நம் அணியில், நம் வகுப்பில், அநியாயத்தை எதிர்த்துக் கேட்கும் பெண்ணை “வாயாடி”, “திமிர் பிடித்தவள்” என்று நாமே ஒதுக்கியதில்லையா? அவளும் நமக்காகத்தானே கேட்டாள்! தாலந்தைப் புதைத்து வைத்த ஊழியனை ஆண்டவர் கடிந்துகொண்டார் என்று விவிலியத்தில் படிக்கிறோம். பேசும் துணிவும் ஒரு தாலந்தே. இனியொரு முறை அத்தகையவளைக் கண்டால், அவள் குரலின் உயரத்தை அளக்குமுன், அவள் யாருக்காகப் பேசுகிறாள் என்று கேட்போம். பேசுபவள் நாமாயின், அன்போடும் நிதானத்தோடும் பேசப் பழகுவோம்.

திறமைக்குத் துணிவு துணையாகுக! துணிவுக்குப் பணிவு அணியாகுக!