தொட்டிச் சுவருக்கும் கணக்கு உண்டு

2024 அக்டோபர் 24 காலை. புனேவை ஒட்டிய போசரியில், சத்குரு நகர்ப் பகுதியில் கட்டுமானத் தொழிலாளர்கள் தங்கியிருந்த முகாம் ஒன்றில் தண்ணீர்த் தொட்டி உடைந்து விழுந்தது. எல்லோரும் வேலைக்குக் கிளம்பும் நேரம். தொட்டியடியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் சுவர் சரிந்து உயிர்கள் போயின. தற்காலிகமாகக் கட்டிய தொட்டி. தண்ணீரின் அழுத்தத்தில் சுவர் வெடித்தது என்று முதல்கட்டத் தகவல்கள் கூறின.

தண்ணீரின் அழுத்தம் என்றதும் தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்றுதான் கேட்கத் தோன்றும். சுவருக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. எவ்வளவு ஆழம் என்பதுதான் அதற்குத் தெரிய வேண்டும். 1 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பையும் தண்ணீர் 1 டன் விசையோடு தள்ளுகிறது. 3 மீட்டர் ஆழத்தில் 3 டன். நீர்மட்டத்தில் ஒன்றுமில்லை, அடியில்தான் முழு அழுத்தம். அப்படிப் பார்த்தால், 3 மீட்டர் தண்ணீர் நிற்கும் தொட்டியில் ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரும் நாலரை டன் தள்ளலைத் தாங்க வேண்டும். ஆழத்தை இரண்டு மடங்காக்கினால் இந்தத் தள்ளல் நான்கு மடங்காகும். சுவரை அடியில் முறிக்கப் பார்க்கும் விசையோ எட்டு மடங்கு. நாலு அடித் தொட்டி நன்றாக நிற்கிறதே, இன்னும் நாலு அடி ஏற்றிக் கட்டினால் என்ன என்று கேட்பவருக்குப் பதில் இதில் இருக்கிறது.

செங்கல்லைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது அங்குலச் சுவர், மேலிருந்து இறங்கும் பாரத்தைத் தலைமுறைகளுக்குச் சுமக்கும். பக்கவாட்டில் வளைத்தால்தான் கல்லுக்கும் கலவைக்கும் இடையிலான பிடிப்பு விட்டுப்போகிறது. செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1905, தண்ணீரைத் தேக்கும் சுவரில் இழுவிசையைச் செங்கல் தாங்கும் என்று கணக்கிலேயே எடுக்கக் கூடாது என்கிறது. பெரிய தொட்டி வேண்டுமென்றால் கம்பி போட்ட கான்கிரீட், அதற்கு ஐ.எஸ். 3370 என்று தனி விதி இருக்கிறது. சதுரத் தொட்டியின் பலவீனமான இடம் மூலை. இரண்டு சுவர்களும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்க வேண்டிய அந்த இடத்தில் கல்லைக் கோத்துக் கட்டாமல் வெறுமனே முட்டவைத்துப் பூசிவிட்டால், வெளியே பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். சிமென்ட்டுக்கும் அவசரம் ஆகாது. கான்கிரீட்டின் பலத்தை 28 நாள் கழித்துத்தான் பொறியாளர்கள் மதிப்பிடுகிறார்கள். கட்டி ஈரம் காயுமுன் விளிம்பு வரை தண்ணீர் நிரப்புவது எந்தத் தொட்டிக்கும் கெடுதல்.

இவையெல்லாம் பொறியியல் கல்லூரிப் பாடப்புத்தகத்தில் இருப்பவை. ஆனால் தொழிலாளர் முகாம் வரை அந்தப் பாடம் வருவதில்லை. எழும்பும் அடுக்குமாடிக்கு மாநகராட்சியில் வரைபடம் தர வேண்டும், கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். அதைக் கட்டுபவர்கள் தங்கும் தகரக் கொட்டகைக்கும் குளியல் தொட்டிக்கும் வரைபடமே இல்லை. பில்டர் ஒப்பந்தக்காரரிடம் விடுகிறார், ஒப்பந்தக்காரர் மேஸ்திரியிடம் விடுகிறார், மேஸ்திரி கைப்பழக்கத்தில் கட்டுகிறார். 'தற்காலிகம்தானே' என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு பெரிய குடியிருப்பு வளாகம் முடிய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. 2019 ஜூன் 29 அதிகாலை, புனேவின் கோந்த்வாவில் ஒரு குடியிருப்பின் மதில், பக்கத்து மனையில் போட்டிருந்த தொழிலாளர் கொட்டகைகள் மேல் விழுந்து 15 பேர் இறந்தார்கள். மழையில் ஊறிய மண்ணும் ஏறக்குறைய தண்ணீரைப் போலவே சுவரைத் தள்ளும். அதே ஆண்டு டிசம்பரில் மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய மதில் வீடுகள் மேல் சரிந்து 17 உயிர்களைக் கொண்டுபோனதை நாம் மறந்திருக்க முடியாது.

தொழிலாளர்களுக்குத் தற்காலிகக் குடியிருப்பும், சமைக்க, குளிக்க, கழிப்பறைக்குத் தனித்தனி இடமும் முதலாளி இலவசமாகத் தர வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டமே சொன்னது. போசரி அடங்கிய பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சி, 'கிரிஹா' பசுமைத் தரச்சான்று பெறும் கட்டடங்களுக்குச் சலுகை தருகிறது. அந்தச் சான்றின் அளவுகோல்களிலும் கட்டுமானத் தொழிலாளர்களின் பாதுகாப்பும் சுகாதாரமும் உண்டு. சூரியத் தகடும் மழைநீர்ச் சேகரிப்பும் விளம்பரத்தில் ஏறுகின்றன, இது ஏறுவதில்லை.

செய்ய வேண்டியது பெரிய வித்தையும் அல்ல. ஒரே பெரிய செங்கல் தொட்டிக்குப் பதில், ஆயிரம் இரண்டாயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள் நாலைந்தைத் தாழ்வான உறுதியான மேடையில் வைக்கலாம். கிணற்று உறையைப் போல வட்டமாக இருப்பதால், தண்ணீரின் தள்ளலைச் சுற்றுச்சுவர் முழுதும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். பிடிப்பு விட மூலையே கிடையாது. ஒன்று பழுதானாலும் முகாமுக்குத் தண்ணீர் நிற்காது. அதைவிட முக்கியம், குழாய்களைத் தொட்டியின் உடம்பிலேயே பொருத்தாமல் பைப் இழுத்துச் சில மீட்டர் தள்ளி வைப்பது. காலையில் முகாமே கூடும் இடம் தொட்டியின் நேர் கீழே இருக்கக் கூடாது. குழாயடியில் சிமென்ட் தளமும் வடிகாலும் போட்டுவிட்டால் தேங்கும் தண்ணீரும் கொசுவும் குறையும். வேலை முடிந்தபின் செங்கல் தொட்டி இடிபாடாகக் குப்பைக்குப் போகும். இந்தத் தொட்டிகளோ லாரி ஏறி அடுத்த மனைக்குப் போய்விடும்.

யோசித்துக் கட்டி, பிரித்து எடுத்துப்போவது கொட்டகைக்கும் பொருந்தும். ஒற்றைத் தகரக் கூரையின் கீழ் ஏப்ரல் மாதத்தில் புனே வெயில் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூரையை உயர்த்தி, உச்சியில் சூடு வெளியேற வழிவிட்டு, எதிரெதிர் சுவர்களில் ஜன்னல் வைத்து, தகரத்தின் அடியில் வெப்பத்தடுப்பு போட்டால் உள்ளே தூங்க முடியும். போல்ட் போட்டுப் பிரித்து மாட்டும் இரும்புச் சட்டங்களைச் செய்யப் போசரித் தொழிற்பேட்டையை விடத் தோதான இடம் கிடைக்காது. வெல்டிங் பட்டறைகளுக்கு அங்கே பஞ்சமில்லை.

இதற்கெல்லாம் புதுச் சட்டம் வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கட்டட அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடக் கட்டில் இன்னும் ஒரு தாளை மாநகராட்சி கேட்டு வாங்கலாம். முகாம் எங்கே, மதிலிலிருந்தும் தோண்டும் பள்ளத்திலிருந்தும் எவ்வளவு தூரம், தொட்டி எவ்வளவு ஆழம், சுவர் எதனால் ஆனது, எப்போது முதன்முதலாக நிரப்பப்படும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மாடிக்குக் கையெழுத்துப் போடும் பொறியாளரே இதற்கும் போட வேண்டும். அந்தக் கணக்கைப் போட அவருக்கு அரை நாள் போதும்.