தோற்கப் பழக்காத நாம்

பத்தாம் வகுப்பு கால அட்டவணையில் ‘பி.டி.’ என்று ஒரு பீரியட் இருக்கும். அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் அந்த நேரத்தில் கணக்கு வாத்தியார் வந்து நிற்பார். “இந்த பீரியடை நான் எடுத்துக்கறேன், நோட்டை எடுங்க.” பி.டி. மாஸ்டரும் மறுக்க மாட்டார். நமக்கு அது தெரியும். தெரிந்து சந்தோஷப்பட்டோம். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் “சாருக்கு ரொம்ப அக்கறை” என்று பாராட்டினோம். ஒருவர்கூட அந்த பீரியடைத் திருப்பிக் கேட்கவில்லை.

அந்த முக்கால் மணி நேரத்தில்தான் பிள்ளைகள் தோற்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். கபடியில் ஏறிப்போனவன் பிடிபட்டு வெளியே உட்காருவான். எதிரணி ஆள் ஒருவன் அவுட்டானால் இவன் மறுபடி உள்ளே வருவான். மீண்டு வருவது ஆட்டத்தின் விதியிலேயே இருந்தது. தெருவில் இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. பொடியனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள், அவன் அவுட்டானாலும் கணக்கில்லை. கொஞ்சம் வளர்ந்ததும் அந்தச் சலுகை பறிபோகும். அவுட்டை ஒத்துக்கொள்ளாமல் மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினால் ‘அழுகுணி ஆட்டம்’ என்று தெருவே கேலி செய்யும். மறுநாள் சாயங்காலம் அவனே வந்து நிற்பான், ஒன்றும் நடக்காதது போல ஆட்டையில் சேர்த்துக்கொள்வார்கள். (அந்தத் தெருவில் கொடுமையும் இருந்தது. சாதி பார்த்து ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் உண்டு. பொற்காலம் என்று கதை விட வேண்டியதில்லை.) ஆனால் அதற்கு மாற்றாக நாம் கொடுத்தது என்ன? ட்யூஷன்.

வீட்டுக்குள்ளும் அதே கதைதான். கடைக்குப் போய் மீதிச் சில்லறை குறைவாக வாங்கி வந்த பிள்ளையை, முன்பெல்லாம் “திரும்பப் போய்க் கேட்டு வாங்கிட்டு வா” என்று அனுப்புவார்கள். அந்தப் பத்து ரூபாய்க்காகக் கடைக்காரரிடம் வாய் திறந்து பேசுவது பெரிய பரீட்சை. நாம் அதையும் வைக்கவில்லை. “நீ படி, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்” என்றோம். தட்டைக்கூடக் கழுவ விடவில்லை. அப்படி வளர்த்த பிள்ளைக்கு முதல் தோல்வி பதினேழு வயதில், பிளஸ் டூ ரிசல்ட் நாளில், ஊர் பார்க்க வந்து சேர்ந்தது. அப்போது போய், “மனசைத் திடமா வச்சுக்கோ” என்றோம்.

திடம் என்று நாம் எதைச் சொன்னோம் என்பதையும் பேசியாக வேண்டும். ஆம்பளைப் பிள்ளை அழக் கூடாது. பொம்பளைப் பிள்ளை பொறுத்துப் போகணும். இரண்டுக்கும் பொருள் வாயை மூடிக்கொள் என்பதுதான். அடக்கி வைத்தவனைத் தைரியசாலி என்றோம், உதவி கேட்டவனைக் கோழை என்றோம். 1794-இல் தொடங்கி, பிறகு கீழ்ப்பாக்கத்தில் நிலைகொண்ட மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரையே வசைச்சொல் ஆக்கினோம். சினிமாவில் காமெடியன் சொன்னான், தியேட்டரில் கைதட்டினோம், மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் சொன்னார்கள். அப்படிச் சிரித்துவிட்டு, “மனசு சரியில்லைன்னா எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே” என்று பின்னாளில் அழுவதற்கு நமக்கு என்ன யோக்கியதை? தமிழக அரசின் 104, மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸின் 14416, இரண்டுமே எந்நேரமும் எடுக்கப்படும் எண்கள். கேஸ் புக் செய்யும் நம்பரைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்த நாம், இவற்றை எங்கே எழுதி வைத்தோம்?

ஹவாயில் கவாய் என்று ஒரு தீவு. அங்கே 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் தம் சகாக்களோடு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி, மனநோய் எனப் பல துன்பங்களில் ஒருசேரச் சிக்கிய பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் நல்ல மனிதராக, தன்னம்பிக்கையோடு வளர்ந்து நின்றார். அவர்களிடம் கண்டவற்றுள் இரண்டு நம்மைச் சுடும். ஒன்று, பாசத்தோடு நிலையாகத் துணைநின்ற ஒரு பெரியவராவது இருந்தார். பெற்றோராக இல்லாவிட்டால் தாத்தா, பாட்டி, அத்தை, ஆசிரியர் என்று யாரோ ஒருவர். இன்னொன்று, பலருக்கு வீட்டில் பொறுப்பு இருந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டார்கள், வேலை செய்தார்கள். நம் வீட்டிலோ பாட்டியைப் ‘படிப்பைக் கெடுக்காதீங்க’ என்று அறையை விட்டு அனுப்பினோம்.

2017-இல் அரசு பொதுத்தேர்வில் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை நிறுத்தியது. நாம் நிறுத்தவில்லை. பள்ளி வாசலில் ஃபிளக்ஸ் நின்றது. ரிசல்ட் வந்த அரை மணி நேரத்தில் சொந்தக்காரர்களுக்கு போன் போட்டு “எவ்வளவு?” என்று கேட்டவர்கள் நாம்தான். பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்கவில்லை.

தேறாதவர்கள் ஓர் ஆண்டை இழக்காமல் உடனே எழுதத் துணைத்தேர்வு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பு இதற்காகக் குரல் கொடுத்தது. கபடி விதிதான், அரசாணையாக வந்தது. தேறினால் அதே ஆண்டு கல்லூரியிலும் சேரலாம். பையன் ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு எழுதப் போகிறான். பக்கத்து வீட்டில் கேட்டால், லீவுக்குப் பாட்டி ஊருக்குப் போயிருக்கிறான் என்கிறோம்.