திரைக்கதை எழுதியவர் யார்?

தமிழ்ப் படமொன்றைப் பார்த்துவிட்டு வரும் நம் வீட்டார் நடித்தவர் பெயரைச் சொல்வர். இசையமைத்தவர் பெயரைச் சொல்வர். இப்பொழுதெல்லாம் இயக்கியவர் பெயரையும் தவறாமல் சொல்வர். எழுதியவர் பெயரைச் சொல்லும் வழக்கம் மட்டும் நம்மிடம் இல்லை. தமிழைத் தாயென்றும் உயிரென்றும் விழா மேடைகளில் போற்றுகின்ற நாம், அத்தமிழில் மிகப் பெருங்கூட்டத்தைச் சென்றடையும் எழுத்தாகிய திரைக்கதையை எழுத்தாகவே மதிப்பதில்லை. இதைக் குறை என்று சொல்லி நிறுத்த நமக்கு மனமில்லை. இது அநீதி என்பதே நம் கட்சி.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். வசனம் வேறு, திரைக்கதை வேறு. பாத்திரங்கள் பேசுவது வசனம். எக்காட்சிக்குப் பின் எக்காட்சி வரவேண்டும், அது எங்கே நிகழ்கிறது, பகலா இரவா, அங்கே இருப்போர் யாவர், எதை இப்பொழுதே காட்டுவது, எதை இடைவேளை வரை மறைப்பது, எவ்விடத்தில் ஒருவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனாலே போதும் என்றெல்லாம் முடிவுசெய்து தாளில் வைப்பது திரைக்கதை. தயாரிப்பு நிர்வாகி நடிகர்களிடம் கால்ஷீட் பெறுவதும், அரங்கம் அமைப்பதும், செலவுக் கணக்குப் போடுவதும் அந்தத் தாள்களை வைத்துத்தான்.

காஞ்சன்பாக்கில் வாழும் நமக்கு இதை நீட்டி விளக்க வேண்டுவதில்லை. பாதுகாப்பு ஆய்வுக்கூடங்களும் தொழிற்சாலைகளும் நிறைந்த இப்பகுதியில், வரைபடமின்றி எப்பொருளும் உருவாகாது என்பதைப் பிள்ளைகளும் அறிவர். வரைபடத்தின் மூலையில் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் ஆகிய மூவர் பெயருக்கும் இடமுண்டு. நம்மைப் போன்ற எழுத்தர்கள் கோப்பில் எழுதும் குறிப்பும் அத்தகையதே. அது எத்தனை பெரிய அதிகாரிவரை சென்று திரும்பினாலும், முதலில் எழுதியவரின் சுருக்கொப்பம் அழிவதில்லை. அரசாங்கக் கோப்புக்குரிய இந்த நாணயம் கலையுலகில் இல்லாதது வியப்பன்றோ?

“சினிமா என்பது இயக்குநரின் கலை, எழுத்தாளர் அங்கே உதவியாள்” என்று வாதிடுவோர் எல்லிஸ் ஆர். டங்கனை மறந்துவிடுகின்றனர். அமெரிக்கராகிய அவர் தமிழறியாதவர். எனினும் 1936இன் ‘சதி லீலாவதி’ முதல் 1950இன் ‘மந்திரி குமாரி’ வரை தமிழ்ப் படங்களை இயக்கினார். மொழியறியாத ஒருவர் எதை நம்பி இயக்கியிருக்க முடியும்? எழுதி வைத்த தாளை நம்பித்தான். 1937இல் அவர் இயக்கிய ‘அம்பிகாபதி’க்கு எழுதியவர் இளங்கோவன், ‘மந்திரி குமாரி’க்கு எழுதியவர் கலைஞர் மு. கருணாநிதி.

1952இல் ‘பராசக்தி’ வந்தபோது எழுத்தாளருக்கு ஒரு பொற்காலம் வந்தது உண்மையே. இயக்கிய கிருஷ்ணன்–பஞ்சுவின் பெயரைக் காட்டிலும் எழுதியவர் பெயரே ஊரெங்கும் ஒலித்தது. ஆனால் நாம் போற்றியது காதால் கேட்ட வசனத்தை மட்டுமே. அப்படத்துக்கு மூலமான நாடகத்தை எழுதிய பாவலர் பாலசுந்தரத்தின் பெயர் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? வசனமே எழுத்து என்ற மயக்கம் அன்று வேரூன்றியது, இன்றும் நீங்கவில்லை.

புதுமைப்பித்தனின் கதை இதனினும் கொடியது. சிறுகதையில் தமக்கு நிகரில்லாத அம்மனிதர், வயிற்றுப்பாட்டுக்காகத் திரைப்படத்துக்கு எழுதப் புகுந்தார். பர்வதகுமாரி என்ற பெயரில் தாமே படக்கம்பெனி தொடங்க முயன்று பொருளிழந்தார். தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’க்கு எழுதப் புனா சென்றார்; காசநோயோடு திரும்பினார்; 1948இல் திருவனந்தபுரத்தில் 42ஆம் வயதில் மறைந்தார். அவருடைய ‘சிற்றன்னை’யைத் தழுவி மகேந்திரன் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தது 1979இல். தமிழின் தலைசிறந்த படங்களுள் ஒன்றென அதைப் போற்றுகிறோம். உயிரோடிருந்தபோது அவரை வாட்டிய தொழில், இறந்து 31 ஆண்டுகள் கழித்து அவரால் பெருமை தேடிக்கொண்டது.

எழுத்தாளருக்கு மாதச் சம்பளம் கொடுத்த நிறுவனமும் தமிழகத்தில் இருந்தது. எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் கதை இலாகா என்றே ஒன்று இயங்கியது. கொத்தமங்கலம் சுப்பு போன்றோர் அதில் இருந்தனர். 1948இன் ‘சந்திரலேகா’ அவ்விலாகாவின் ஆக்கம். நம் சிகந்தராபாத்தில் 1931இல் பிறந்து, 1952இல் சென்னை சென்று அதே ஜெமினியில் பல்லாண்டு பணிபுரிந்த அசோகமித்திரன், ‘கரைந்த நிழல்கள்’ நாவலில் படவுலகின் அடித்தளத்து மனிதர்களை எழுதினார். இவ்வூர்த் தமிழர் வீடுகளில் அந்நூல் ஒவ்வொன்றிலும் இருக்கவேண்டும். எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று கேட்டுச் சங்கடப்படுத்த நாம் விரும்பவில்லை.

“மகேந்திரனும் பாக்கியராஜும் தாமே எழுதித் தாமே இயக்கி வெல்லவில்லையா?” என்பது அடுத்த வாதம். வென்றனர். எப்படி வென்றனர் என்பதையும் பார்க்கவேண்டும். மகேந்திரன் 1974இன் ‘தங்கப்பதக்க’த்துக்கு எழுதிப் பெயர்பெற்ற பின்னரே இயக்க வந்தார், வந்ததும் 1978இன் ‘முள்ளும் மலரும்’ படத்தில் வசனத்தைச் சுருக்கிக் காட்சியைப் பேசவிட்டார். பாக்கியராஜ் பாரதிராஜாவிடம் எழுதிப் பழகியவர். அவருடைய ‘அந்த 7 நாட்கள்’ 1981இல் வந்தது. அதையே பாபு அவ்வாண்டிலேயே தெலுங்கில் ‘ராதா கல்யாணம்’ என்றும், 1983இல் இந்தியில் ‘வோ சாத் தின்’ என்றும் எடுத்தார். நடிகர் மாறினர், இயக்குநர் மாறினார், மெட்டும் மொழியும் மாறின. மாறாமல் மாநிலம் கடந்து பயணம் செய்தது திரைக்கதை ஒன்றே. ஒரு படத்தில் உயிர் எங்கேயிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இவ்விருவரும் எழுத்தில் தேர்ந்தவர்கள். இவர்களைக் காட்டி, எழுதத் தெரியாதவரும் “கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்” என்று தம் பெயரையே போட்டுக்கொள்வது முறையாகாது. விடுதி அறையில் மாதக்கணக்காக உட்கார்ந்து கதை விவாதத்தில் காட்சிகளை ஆக்கித்தந்த உதவியாளர்கள், படியோடும் சாப்பாட்டோடும் அனுப்பப்படுகின்றனர்.

இத்தொழிலில் எழுதுவதைவிடச் சொல்வதற்கே மதிப்பு மிகுதி. தயாரிப்பாளர் முன்னும் கதாநாயகர் முன்னும் நடித்துக் கதை சொல்பவர் வாய்ப்புப் பெறுகிறார். நன்றாக எழுதிச் சொல்லத் தெரியாதவர் வெளியே நிற்கிறார். வாயால் சொன்னதற்குச் சட்டத்தின் துணையும் குறைவு. ஆர்.ஜி. ஆனந்த் தம் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகத்தை ‘நியூ டெல்லி’ என்ற இந்திப் படமாக்கிவிட்டனர் என்று தொடுத்த வழக்கில், 1978இல் உச்சநீதிமன்றம் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளியிட்ட வடிவத்துக்கே உண்டு என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே எழுதிப் பதிவுசெய்வதே எழுத்தாளருக்குக் காப்பு. 2018இல் ‘சர்க்கார்’ படத்தின் கதை, ஓர் உதவி இயக்குநர் எழுத்தாளர் சங்கத்தில் பதிவுசெய்திருந்த ‘செங்கோல்’ கதையை ஒத்திருப்பதாகப் பூசல் எழுந்தது. இயக்குநர் தரப்பு மறுத்தது. எனினும் வழக்கு சமரசத்தில் முடிந்து அவருக்குத் திரையில் நன்றி கூறப்பட்டது. பதிவு இல்லாதிருந்தால் அதுவும் கிட்டியிராது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டமோ இன்னும் ஒரு படி சென்று, திரையரங்குக்கு வெளியே படம் பயன்படும்போது எழுத்தாளருக்கு உரிமத்தொகையில் சமபங்கு உண்டு என்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் படத்தயாரிப்பாளருக்கு அதை விட்டுக்கொடுக்கவும் இயலாது. தமிழ்ப் படவுலகில் இதை அறிந்த இளம் எழுத்தாளர் சிலரே. அறிந்தாலும் வாய்திறக்க அஞ்சுவர்.

அண்டை வீட்டாரைப் பார்ப்போம். 2024 டிசம்பரில் மறைந்த எம்.டி. வாசுதேவன் நாயர் திரைக்கதைக்காக 4 முறை தேசிய விருது பெற்றவர். மலையாளிகள் அவர் திரைக்கதைகளை நூலாக வாங்கிப் படிக்கின்றனர். நம் தெலுங்கு நண்பர்களிடம் 1957இன் ‘மாயா பஜார்’ பற்றிப் பேச்செடுத்தால், பிங்களி நாகேந்திரராவ் பெயர் தானே வந்து விழுகிறது. தமிழிலும் சில திரைக்கதைகள் அச்சாகியுள்ளன. பாரத் எலக்ட்ரானிக்ஸில் பணியாற்றிய சுஜாதா, திரைக்கதை எழுதும் முறைபற்றித் தனி நூலே எழுதினார். வாங்குவோர்தாம் வேண்டும்.

நம் சங்கத்தின் அடுத்த ஆண்டுவிழாவுக்கு யாரை அழைப்பது என்ற பேச்சு எழும்போது, ஒரு திரைக்கதை ஆசிரியரை அழைக்கும்படி செயற்குழுவை வேண்டுகிறோம். வருபவர் தம் படமொன்றின் ஒரு காட்சியைத் தாளில் உள்ளவாறே வாசிக்கட்டும். பின்னர் அதே காட்சியைத் திரையில் பார்ப்போம். வழிச்செலவும் பொன்னாடையும் சேர்ந்தாலும், நடிகர் ஒருவரை அழைக்க ஆகும் தொகையில் பாதிகூட ஆகாது.